குழந்தையின் சொல்லும் நீதிமன்றமும்

பிள்ளை உள்ளம் கள்ளமற்றது என்பது உலகோர் கூற்று. ஆயினும், அப்பிள்ளை தனக்கிழைக்கப்பட்ட கொடுமையை நீதிமன்றத்தில் எடுத்துரைத்தபோது, அச்சொல்லை ஏற்கச் சட்டம் நெடுங்காலம் தயங்கியது. அத்தயக்கம் படிப்படியாக நீங்கிய வரலாறு ஆசிரியர் உலகம் அறிந்திருக்க வேண்டியதாகும்.

1779ஆம் ஆண்டில், இங்கிலாந்தில் ஏழு வயது நிரம்பாத சிறுமி ஒருத்திக்கு நேர்ந்த கொடுமை வழக்காயிற்று. அவள் சொன்னதைப் பிறர் மன்றத்தில் கூறினர். அவளோ சாட்சிக் கூண்டில் ஏற்றப்படவில்லை. வழக்கை ஆராய்ந்த பன்னிரு நீதிபதிகள், சத்தியப் பிரமாணத்தின் பொருளுணர்ந்த பிள்ளை எவ்வயதினதாயினும் சாட்சி சொல்லலாம் என்றனர்; பிரமாணமின்றிச் சொல்லும் சொல் ஏலாது என்றும் முடிவு செய்தனர். கதவு பாதி திறந்தது. பிரமாணம் இன்னதென்று அறியாத பச்சிளம் பிள்ளைகள் வெளியிலேயே நின்றனர்.

1889இல் இங்கிலாந்தில் இயற்றப்பட்ட குழந்தைக் கொடுமைத் தடுப்புச் சட்டம் அவர்களையும் உள்ளே அழைத்தது. பிரமாணமின்றியும் குழந்தை பேசலாம். ஆனால், அதனை உறுதிப்படுத்தும் வேறு சான்று இன்றேல் எவரையும் தண்டிக்கலாகாது என்பது அதன் விதி. கொடுமையோ மூடிய கதவுக்குப் பின்னால் நிகழ்வது. வேறு சான்றுக்கு எங்கே போவது? இவ்விதி மலேசியாவின் 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்திலும் பின்னர் இடம்பெற்றது.

இதனிடையே மருத்துவர்கள் விழித்துக்கொண்டனர். அமெரிக்க மருத்துவர் ஹென்றி கெம்ப்பும் அவர்தம் குழுவினரும் 1962இல் வெளியிட்ட கட்டுரை, பிள்ளைகளின் உடற்காயங்களையே சான்றாகப் படிக்கக் கற்பித்தது. மலேசியாவில் 1990ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒரு மழலையின் மரணம் நாட்டையே உலுக்கியது. அடுத்த ஆண்டே குழந்தைப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. அதன் இடத்தில் வந்த 2001ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம், ஐயத்திற்குரிய காயங்களைக் கண்ட மருத்துவர் சமூக நலத்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என விதித்தது. ஆபத்திலிருக்கும் பிள்ளையை மீட்கும் அதிகாரி, இருபத்து நான்கு மணி நேரத்துள் குழந்தைகள் நீதிமன்றத்தின் முன் அப்பிள்ளையை நிறுத்தவேண்டும்.

2007ஆம் ஆண்டுச் சட்டம், குற்றஞ்சாட்டப்பட்டவரின் முகம் காணாமல், திரைக்கு மறைவிலோ காணொலி வழியாகவோ பிள்ளை சாட்சியளிக்க வழி செய்தது. 2017இல் குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டம் நெடுங்காலத் தடையைத் தகர்த்தது: அக்குற்றங்களில், வேறு சான்றின்றியும் குழந்தையின் சொல் ஒன்றையே கொண்டு தண்டிக்கலாம். குற்றம் நிகழ்ந்ததை அறிந்தும் தெரிவிக்காதவருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம் விதிக்கவும் அச்சட்டம் இடமளித்தது. அதே ஆண்டில் புத்ராஜெயாவில் இத்தகைய வழக்குகளுக்கெனத் தனி நீதிமன்றமும் அமைந்தது.

இருப்பினும், பிள்ளையின் முதற்சொல் நீதிமன்றத்தில் ஒலிப்பதில்லை. பெரும்பாலும் வகுப்பறையின் ஓரத்திலே, நம்பிக்கைக்குரிய ஆசிரியரின் காதிலேதான் விழுகிறது. அவர் அதனைப் பிள்ளை சொன்ன சொற்களிலேயே நாளிட்டு எழுதி வைத்து, திரும்பத் திரும்பக் கேட்டுக் குழப்பாமல், காலந்தாழ்த்தாது உரியவரிடம் தெரிவித்தல் வேண்டும். 'குடும்ப மானம்', 'பள்ளியின் பெயர்' என்று அவர் வாய் மூடினால், சட்டம் இத்தனை காலம் முயன்று திறந்த கதவு அப்பிள்ளைக்கு மட்டும் மீண்டும் அடைபட்டுவிடும்.