தொழில்நகரும் திறந்தவெளியும்

ஜொகூர் மாநிலத்தின் தென்கரையில், நீரிணையை ஒட்டி அமைந்துள்ள பாசிர் கூடாங், ஒரு காலத்தில் மீனவர் குடியிருப்புகளும் தோட்டங்களும் கொண்ட ஒதுக்குப்புறமாக இருந்தது. 1968இல் நிறுவப்பட்ட ஜொகூர் மாநிலப் பொருளாதார வளர்ச்சிக் கழகம் அதனைத் தொழில்நகராக்க முற்பட்டது. 1977இல் ஜொகூர் துறைமுகம் அங்கு இயங்கத் தொடங்கிற்று. அவ்வாண்டிலேயே ஊரை நிருவகிக்கும் பொறுப்பும் அக்கழகத்தின் கைக்கு வந்தது. ஆலைகளுக்கு நிலம் வழங்குவதும் ஊராள்வதும் ஒரே கையில் அமைந்தமை இந்நாட்டில் அரிய நிலையாகும். அத்தகைய ஊரில் உழைப்பவனுக்கும் அவன் மக்களுக்கும் உலாவவும் விளையாடவும் எவ்வளவு வெளி ஒதுக்கப்பட்டது என்பது ஆராயத்தக்க வினா.

ஆலைகள் தோன்றிய நாடுகளில் எல்லாம் இவ்வினா எழுந்துள்ளது. பிரிட்டனில் 1833இல் நாடாளுமன்றக் குழுவொன்று, தொழில்நகர மக்களுக்குப் பொது உலாவிடங்கள் இல்லாக் குறையை எடுத்துக் காட்டியது. 1847இல் பர்க்கன்ஹெட் நகரில் பொதுப்பணத்தால் அமைந்த பூங்கா திறக்கப்பெற்றது. இந்தியாவில் ஜாம்ஷெட்ஜி டாட்டா, 1902இல் தம் மகன் டொராப்ஜிக்கு எழுதிய கடிதத்தில், அமையவிருக்கும் உருக்காலை நகரில் நிழல்மரச் சாலைகளுக்கும் பூங்காக்களுக்கும் பந்தாட்டத் திடல்களுக்கும் தாராளமாக இடம் விடும்படி வேண்டினார். ஆலைக்குரிய இடமே அப்போது முடிவாகவில்லை என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. அந்நகரே இன்றைய ஜாம்ஷெட்பூர். அங்கு 1958இல் ஜூபிலி பூங்கா மக்களுக்கு அளிக்கப்பெற்றது.

இடம் ஒதுக்கினால் மட்டும் போதுமா? போதாது என்பதற்குச் சென்னையே சான்று. 1859இல் ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெல்யன் காலத்தில் தோன்றிய மக்கள் பூங்கா, 116 ஏக்கர்ப் பரப்பும் பல குளங்களும் கொண்டிருந்தது. பின்னர் அந்நிலத்தில் மூர் மார்க்கெட் வந்தது, 1913இல் ரிப்பன் மாளிகை எழுந்தது, விளையாட்டரங்கமும் வந்தது. ஒவ்வொன்றும் ஊருக்குப் பயனுடையதே. ஆயினும், பயனுடைய கட்டடங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து பூங்காவை விழுங்கிவிட்டன. மை லேடீஸ் பூங்கா போன்ற சில பகுதிகளே எஞ்சின. வெற்றிடம் என்று எண்ணப்படும் நிலத்திற்குக் காவல் இல்லை என்பதே இதனால் நாம் பெறும் பாடம்.

பாசிர் கூடாங்கிற்குத் திரும்புவோம். அங்கே பொழுதுபோக்கிற்கு இடமே இல்லை என்று கூறுதல் நேர்மையாகாது. 1995இல் தொடங்கிய உலகப் பட்டத் திருவிழாவால் அவ்வூர்ப் பெயர் கடல்கடந்து பரவிற்று. பட்டங்களுக்கென ஓர் அருங்காட்சியகமும் உண்டு. பட்டம் பறக்க வேண்டுமாயின் கம்பியும் கட்டடமும் மறிக்காத வெளி வேண்டும். ஆலை நகரொன்று அத்தகைய வெளியைத் தன் பெருமையாக்கிக் கொண்டது பாராட்டுக்குரியது.

எனினும் 2019 மார்ச் மாதத்தில் வேறொரு பாடம் கிடைத்தது. கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவின் நச்சுக்காற்று முதலில் தாக்கியது அருகிருந்த பள்ளிப் பிள்ளைகளை. ஆயிரக்கணக்கானோர் மருத்துவ உதவியை நாடினர். 111 பள்ளிகள் மூடப்பட்டன. குற்றம் கழிவைக் கொட்டியவர்களுடையது. பூங்கா அதனைத் தடுத்திராது. ஆயினும், ஆலைக்கும் குடியிருப்புக்கும் பள்ளிக்கும் இடையே எவ்வளவு தொலைவு வேண்டும் என்ற கேள்வியை அந்நிகழ்ச்சி ஊரார் முன் நிறுத்தியது. மரம் செறிந்த இடைவெளி அழகுக்காக மட்டும் விடப்படுவதன்று. அது பாதுகாப்பின் ஒரு பகுதியுமாகும்.

தோட்டத் தமிழர் இதனை எளிதில் உணர்வர். லயத்துக்கும் கோயிலுக்கும் பள்ளிக்கும் நடுவே இருந்த திடலில்தான் பந்தாட்டமும் திருவிழாக் கூத்தும் நடந்தன. அத்திடல் எல்லாருக்கும் உரியதாகத் தோன்றிற்று. பட்டாவோ தோட்ட முதலாளியிடம் இருந்தது. தோட்டம் விற்கப்பட்டபோது திடலும் உடன் சென்றது. பல தலைமுறைப் பழக்கம் ஏட்டில் ஒரு வரியாகக்கூட இல்லை.

ஏட்டில் ஏற்றுவதற்கு இன்று வழியுண்டு. தீபகற்ப மலேசியாவுக்குரிய 1976ஆம் ஆண்டு நகர், நாட்டுப்புறத் திட்டமிடல் சட்டத்தின்படி, ஊராட்சி அமைப்பு தன் வட்டாரத் திட்டத்தின் வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து அவர்தம் மறுப்புகளைக் கேட்டல் வேண்டும். பாசிர் கூடாங் 2008இல் நகராண்மைக் கழகமாகவும், 2020இல் மாநகராகவும் உயர்ந்துள்ளது. வரைவு பார்வைக்கு வரும்போது, தம் தெருவின் திடல் வரைபடத்தில் திறந்தவெளியாகக் குறிக்கப்பட்டுள்ளதா என்று பெற்றோர் சென்று பார்த்தல் வேண்டும். இல்லையேல் எழுத்தில் கேட்டல் வேண்டும். கட்டடம் எழுந்தபின் வருந்திப் பயனில்லை. வரைபடத்தில் இடம்பெற்ற திடலுக்கே நாளை வழக்காட ஓர் ஆதாரம் இருக்கும்.