சாட்சியமே மருந்தாக: உளநலப் பணியும் சாதி ஒழிப்பும்



ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காகச் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியை எழுப்பிய சுவாமி சகஜானந்தர் 1959இல் மறைந்தார். அவர் நடமாடிய வட்டாரத்தில், கிள்ளையில், இன்று கூடியிருக்கிறோம். நாம் எடுத்துக்கொள்ளும் கேள்வி இதுதான்: மனக்காயத்தை ஆற்றுவது உளநலப் பணியாளரின் வேலை என்றால், அந்தக் காயத்தை உண்டாக்கிய சாதியைப் பற்றி அவர் பேசாமல் இருக்க முடியுமா?

நம் ஊரிலிருந்தே தொடங்குவோம். 2004 டிசம்பர் 26 காலை சுனாமி வந்தது. தமிழ்நாட்டில் சுமார் 8,000 பேர் மாண்டார்கள். பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடு அலையின் வேகத்தைத் தணித்து, பின்னால் இருந்த குடியிருப்புகளைப் பெருமளவு காத்தது. காட்டின் மறைவு இல்லாத குப்பங்கள் அலையை நேராக வாங்கின.

முகாம்களுக்கு அரிசி வந்தது, துணி வந்தது. 'கவுன்சிலிங்' என்ற சொல்லும் அப்போதுதான் கடற்கரைக் கிராமங்களுக்குள் பரவலாக நுழைந்தது. 1984 போபால், 1999 ஒரிசா புயல், 2001 குஜராத் பூகம்பம் ஆகியவற்றில் பணியாற்றிய பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் அனுபவம் இங்கே பயன்பட்டது. மருத்துவர் மட்டுமல்ல, ஆசிரியரும் அங்கன்வாடிப் பணியாளரும் ஊர் இளைஞரும்கூட இந்த வேலையைப் பழகலாம் என்று அவர்கள் காட்டினார்கள். துயரப்பட்டவரைப் பேசவிடு, குறுக்கிடாமல் கேள், தனியே விடாதே, உறவும் ஊரும் சேர்ந்து தாங்கும்படி செய் என்பதே பயிற்சியின் சாரம்.

ஆனால் ஊர் எல்லோரையும் சேர்த்தா தாங்கியது? நிவாரணக் கணக்கு பெரும்பாலும் படகையும் வலையையும் வைத்தே போடப்பட்டது. படகில்லாத தலித் கூலிகளும், கழியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களும் பல இடங்களில் 'பாதிக்கப்பட்டவர்' என்ற சொல்லுக்குள்ளேயே வரவில்லை. தமிழகக் கடற்கரை முகாம்களில் தலித்துகள் ஒதுக்கப்பட்டதும், பொதுத் தண்ணீர் மறுக்கப்பட்டதும் மனித உரிமை அமைப்புகளின் அறிக்கைகளில் பதிவாகியுள்ளன. அலை தந்தது ஒரு துயரம். வரிசையிலிருந்து விரட்டப்பட்டது இன்னொரு துயரம். முதல் துயரத்துக்கு ஆறுதல் சொல்ல ஆள் வந்தார்கள். இரண்டாவதைக் கேட்கப் பெரும்பாலும் யாரும் வரவில்லை.

இந்த இரண்டாவது துயரத்தைக் கேட்டவர்களும் வரலாற்றில் உண்டு. அல்ஜீரியாவின் பிளிடா மனநல மருத்துவமனையில் 1953இல் சேர்ந்த ஃபிரான்ஸ் ஃபனான், 1956இல் பதவியைத் துறந்தார். சொந்த மண்ணிலேயே மனிதரை அந்நியராக்கும் ஆட்சியில், அவரைத் தேற்றி அதே ஆட்சிக்குத் திருப்பி அனுப்புவது மருத்துவம் ஆகாது என்று அவர் கண்டார். அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மாமி கிளார்க் என்ற கறுப்பின உளவியலாளர் இணையர், கறுப்பினக் குழந்தைகளிடம் வெள்ளைப் பொம்மையையும் கறுப்புப் பொம்மையையும் கொடுத்து ஆய்ந்தார்கள். பல குழந்தைகள் வெள்ளைப் பொம்மையே நல்லது என்றன. பள்ளிகளில் நிறப்பிரிவினை கூடாது என்ற 1954ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அவர்களது ஆய்வையும் சுட்டியது. பிஞ்சு மனத்தில் விழுந்த காயம் நீதிமன்றத்தில் சான்றாக நின்றது.

நமக்கு மிக நெருக்கமான பாடம் சிலியிலிருந்து வருகிறது. 1973இல் பினோசே ஆட்சியைக் கைப்பற்றிய பின் சித்திரவதைக்கு உள்ளானவர்களின் கதைகளை அங்கிருந்த உளவியலாளர்கள் எழுதிவைத்தார்கள். சொல்லச் சொல்ல அவர்கள் தேறுவதையும், எழுதப்பட்டது ஆட்சிக்கு எதிரான சாட்சியமாவதையும் கண்டார்கள். 1983இல் இம்முறையைப் பற்றிப் புனைபெயர்களில் கட்டுரை வெளியிட்டார்கள். பிற்பாடு, டென்மார்க்கைச் சேர்ந்த சித்திரவதை மறுவாழ்வு நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து, வாரணாசியின் பி.வி.சி.எச்.ஆர். அமைப்பு இதை உத்தரப்பிரதேசத்தில் கையாண்டது. காவல்துறை வன்முறைக்கு ஆளான தலித்துகளும் முசகர்களும் முஸ்லிம்களும் தங்கள் கதையைச் சொன்னார்கள்.

முறை எளியது. முதல் இரண்டு அமர்வுகளில் பயிற்சி பெற்ற களப்பணியாளர் கதையைக் கேட்டு எழுதுகிறார். மூன்றாவதில் மக்கள் கூடிய சபையில் அது வாசிக்கப்பட்டு, சொன்னவருக்கு மரியாதையோடு கையளிக்கப்படுகிறது. நான்காவதில், சில வாரங்கள் கழித்து, அவர் எப்படி இருக்கிறார் என்று பார்க்கிறார்கள். அடிபட்டவர் தலைகுனிந்து சுமந்த வெட்கம், அடித்தவரிடம் போய்ச் சேருகிறது.

நம் பகுதியில் வன்கொடுமைக்குப் பிறகு என்ன நடக்கிறது? வட்டாட்சியர் அலுவலகத்தில் சமாதானக் கூட்டம் கூட்டுவார்கள். அடித்தவரையும் அடிபட்டவரையும் 'இரு தரப்பு' என்பார்கள். அனுசரித்துப் போங்கள் என்று சேரிக்குச் சொல்வார்கள். கையெழுத்து வாங்கியதும் அமைதி திரும்பிவிட்டது என்று கோப்பை மூடுவார்கள். அது அடக்கிவைக்கப்பட்ட வலி. 'மறந்துவிடுங்கள்' என்று சொல்லும் உளநலப் பணியாளரும் அந்தக் கூட்டத்தில் இன்னொரு நாற்காலிதான்.

இன்னொன்றையும் நாம் சொல்லியாக வேண்டும். சாதி மனத்தில் குடியிருப்பது என்று 1936இலேயே அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' நூலில் எழுதினார். அப்படியானால் மருத்துவம் சேரிக்கு மட்டும் போதாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவரையும் அவர் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் உடன் படித்த சிறுவர்கள். அதையொட்டி அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024இல் அறிக்கை தந்தது. பள்ளியில் சாதிக் கயிறுக்கு இடமில்லை என்றது. கயிற்றை அறுக்க ஆசிரியர் போதும். கயிறு கட்டச் சொன்ன பெருமையையும் பயத்தையும் அறுக்க, ஊர்த்தெருப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசத் தெரிந்தவர்கள் வேண்டும்.

உளவியலும் சமூகப்பணியும் படிக்கும் மாணவர்களே, களத்தில் நிற்கும் தோழர்களே, கேட்கப் பழகுவோம். சொல்பவரின் சம்மதமில்லாமல் ஒரு வரியும் வெளியே போகக்கூடாது. பாதுகாப்புக்கு வழி செய்யாமல் யாரையும் சபையில் பேசவைக்கக்கூடாது. புகாரும் வழக்கும் ஒரு கையில், சாட்சியம் மறுகையில் இருக்கட்டும். 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் சிகிச்சையில் சாதிப் பாகுபாடு கூடாது என்கிறது. அந்த வரியைக் கையில் எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனை வாசலில் போய்க் கேட்போம்.

நீதியோடு வரும் அமைதியே நமக்கு வேண்டிய அமைதி. சுனாமி வரிசையிலிருந்து விரட்டப்பட்டவர்களில் பலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். முதல் சாட்சியத்தை அவர்களிடமிருந்து கேட்கத் தொடங்குவோம்.

ஜெய்பீம்.