டாலரிலிருந்து டன்னுக்கு: போர்க்கால அமெரிக்காவின் பொருளாதாரக் கணக்கு

‘சர்வே ஆஃப் கரண்ட் பிசினஸ்’ என்ற மாத இதழை அமெரிக்க வணிகத் துறை 1921 ஜூலையில் தொடங்கியது. வார்ப்பிரும்பு எத்தனை டன், ஆலைகள் நூற்ற பஞ்சு எத்தனை பேல், ரயிலில் ஏறிய சரக்கு எத்தனை வேகன் என்று பத்திபத்தியாக எண்களை அடுக்கிய வறண்ட வெளியீடு அது. அதற்கான தேவையை முதல் உலகப் போரே உணர்த்தியிருந்தது. தன் ஆலைகள் எதை எவ்வளவு செய்யும் என்று தெரியாமலேயே அமெரிக்க அரசு 1917-இல் போரில் இறங்கியது. பொருளியலாளர் வெஸ்லி மிட்செல், போர்த் தொழில் வாரியத்தின் விலைப் பிரிவை நடத்தினார். சிதறிக் கிடந்த கணக்குகளைத் திரட்ட ஒரு மையப் புள்ளிவிவர அலுவலகம் 1918-இல்தான் உருவானது. அது ஒரு நிலைக்கு வருவதற்குள் போர் முடிந்தது, அலுவலகத்தையும் கலைத்துவிட்டார்கள். பின்னர் வணிக அமைச்சரான ஹெர்பர்ட் ஹூவர், அதே வகைக் கணக்கை அமைதிக் காலத்தில் வியாபாரிகளுக்குப் பயன்படும் விதத்தில் திரும்பக் கொண்டுவந்தார்.

தனித்தனிச் சரக்குகளின் கணக்கு இருந்ததே தவிர, நாடு முழுவதற்குமான ஒற்றைத் தொகை இல்லை. பெருமந்தம் அந்தக் குறையை வெளிச்சம் போட்டுக் காட்டியது. எவ்வளவு வருமானம் அழிந்தது என்று எவராலும் சொல்ல முடியாத நிலையில், செனட்டர் லா ஃபாலெட் கொண்டுவந்த தீர்மானத்தின்படி செனட் 1932-இல் வணிகத் துறையிடம் கணக்குக் கேட்டது. அந்தப் பணி பென்சில்வேனியப் பல்கலைக்கழகத்தின் சைமன் குஸ்நெட்ஸ் கைக்கு வந்தது. 1934 ஜனவரியில் வெளிவந்த அறிக்கை, 1929-க்கும் 1932-க்கும் இடையே தேசிய வருமானம் டாலர் மதிப்பில் ஏறத்தாழ பாதியாகிவிட்டது என்றது. அவருடைய மாணவர் ராபர்ட் நேதன் வணிகத் துறையில் இந்தக் கணக்கை ஆண்டுதோறும் தொடர்ந்தார். ஆசிரியரும் மாணவரும் எட்டு ஆண்டுகள் கழித்துப் போர் அலுவலகம் ஒன்றில் மறுபடி ஒன்றுசேர்ந்தார்கள்.

பிரான்ஸ் 1940-இல் வீழ்ந்த பிறகு அமெரிக்க நாடாளுமன்றம் ராணுவத்துக்குப் பணத்தை அள்ளிக் கொடுத்தது. ஆனால் ஒதுக்கிய பணத்தை மட்டும் வைத்துக்கொண்டு எத்தனை டாங்கி வரும் என்று கணிக்க முடியவில்லை. எஃகு, செம்பு, கடைசல் எந்திரங்கள், தேர்ந்த கைகள் இவற்றில் எது முதலில் தீருமோ, அதுதான் எல்லை. உற்பத்தி மேலாண்மை அலுவலகத்தின் புள்ளியியல் பிரிவுத் தலைவர் ஸ்டேசி மே 1941 இலையுதிர் காலத்தில் லண்டன் சென்று, பிரிட்டன், கனடா, அமெரிக்கா மூன்றின் ஆயுத உற்பத்தியையும் கையிருப்பையும் ஒரே ஏட்டில் பக்கம் பக்கமாக நிறுத்தினார். பணமதிப்புகளை நம்பாமல் எண்ணிக்கையாகவே ஒப்பிட்டது அந்த ஏடு. அமெரிக்கா பேசுவது பெரிது, செய்வது சிறிது என்பதைப் பேர்ல் ஹார்பருக்கு முன்பே அது அம்பலப்படுத்தியது.

போரில் இறங்கியதும் எண்கள் தாவின. அதிபர் ரூஸ்வெல்ட் 1942 ஜனவரி 6 அன்று நாடாளுமன்றத்தில் அறிவித்த இலக்குகள்: அந்த ஆண்டில் 60,000 விமானம், 45,000 டாங்கி, 80 லட்சம் டன் வணிகக் கப்பல், அடுத்த ஆண்டில் 1,25,000 விமானம், 75,000 டாங்கி. பத்து நாளில் போர் உற்பத்தி வாரியம் பிறந்தது. சியர்ஸ் நிறுவனத்தின் கொள்முதல் அதிகாரியாகப் பெயர் வாங்கிய டொனால்ட் நெல்சன் அதன் தலைவர். வாரியத்தின் திட்டக் குழுவுக்கு நேதன் தலைமை ஏற்று, குஸ்நெட்ஸை அழைத்துக்கொண்டார்.

குஸ்நெட்ஸ் செய்த வேலையைப் போட்டி போட்டுக்கொண்டு செலவழித்த ராணுவத் துறைகள் எதுவும் செய்திருக்கவில்லை. தரைப்படை, கடற்படை, கப்பல் ஆணையம், நேச நாட்டு உதவி என்று தனித்தனியே போட்ட திட்டங்களை எல்லாம் ஒன்றாகக் கூட்டி, நாட்டின் மொத்த உற்பத்திக்கு எதிரே வைத்தார். மக்கள் உணவையும் உடையையும் எவ்வளவு குறைத்துக்கொள்ள முடியும், வேலைக்குப் புதிதாக எத்தனை பேர் வருவார்கள், ஆலை கட்ட எத்தனை மாதம் ஆகும் என்பதையெல்லாம் கழித்துப் பார்த்தபோது, 1943-க்கான சுமார் 9,300 கோடி டாலர் திட்டம் எட்டாத உயரத்தில் நின்றது. எட்டாத இலக்கால் உற்பத்தி கூடாது, குலையும் என்பது அவர் வாதத்தின் உயிர்நாடி. எல்லோருக்கும் கொஞ்சம் எஃகு கிடைத்தால் எஞ்சின் இல்லாத கப்பலும் இறக்கை இல்லாத விமானமும் களத்தில் குவியும். பாதி கட்டிய ஆலைகள் இரும்பை விழுங்கிக்கொண்டு நிற்கும்.

இந்த ஆய்வு 1942 செப்டம்பரில் தரைப்படையின் வழங்கல் தலைவர் ஜெனரல் பிரெஹன் சோமர்வெல்லிடம் போனது. அவர் கைப்படப் பதில் எழுதி, சிந்திக்கும் மனிதர்கள் கண்ணில் படாமல் இதை ஒளித்துவைக்கலாம் என்று ஏளனம் செய்தார். யூகத்தில் நிற்கும் எண்களைக் கொண்டு படைத்தலைமைக்குப் பாடம் எடுப்பதா என்பது அவர் கோபம். எண்களோடு சேர்த்து, போர் உத்தியையும் உற்பத்தியையும் ஒரே மேசையில் முடிவுசெய்ய ஓர் உயர் குழு வேண்டும் என்று குஸ்நெட்ஸ் யோசனை சொல்லியிருந்தது எரிகிற தீயில் எண்ணெய் வார்த்தது. அக்டோபரில் வாரியக் கூட்டத்தில் கடும் வாக்குவாதம் நடந்தது. ஆனால் முடிவு புள்ளியியலாளர்கள் பக்கமே சாய்ந்தது. முப்படைத் தளபதிகள் 1943 திட்டத்தைச் சுமார் 8,000 கோடி டாலராகக் குறைத்தார்கள். பெரும் வெட்டு தரைப்படைக்கே விழுந்தது. கப்பல் இலக்கை 1942 எட்டியது. விமானமோ 48,000-க்குக் கிட்ட நின்றது. 1943-இல் சுமார் 86,000. ரூஸ்வெல்ட் சொன்ன 1,25,000-ஐ எந்த ஆண்டும் தொடவில்லை.

மொத்தத்தைக் குறைத்தாலும் பங்கீடு மிச்சமிருந்தது. அதுவரை ஒப்பந்தங்களுக்கு ஏ-1-ஏ, ஏ-1-பி என முன்னுரிமை முத்திரைகள் குத்திக்கொண்டிருந்தார்கள். முத்திரைக்கு அளவில்லாததால், விரைவில் வரிசையில் நிற்கும் அத்தனை பேர் கையிலும் முதல் எண் டோக்கன் இருந்த கதையானது. அதற்கு மேல் இரட்டை ஏ, அவசரத்துக்கு மூன்று ஏ என்று புதிய படிகளைக் கட்டியும் பயனில்லை. முதலீட்டு வங்கியாளர் ஃபெர்டினண்ட் எபர்ஸ்டாட் தலைமையில் 1942 நவம்பரில் அறிவித்த ‘கட்டுப்படுத்தப்பட்ட பொருட்கள் திட்டம்’ வேறு வழியில் போனது. எஃகு, செம்பு, அலுமினியம் மூன்றை மட்டும் எண்ணினால் போதும். மற்றவை அவற்றின் பின்னே வரும் என்பது அதன் அடிப்படை. ஒவ்வொரு துறையும் காலாண்டுக்கு ஒருமுறை தன் தேவையை டன்னில் சொல்ல வேண்டும்; வாரியம் அதைக் கிடைக்கும் அளவோடு நேர்செய்து பங்கு தரும்; துறை தன் பங்கைத் தன் ஒப்பந்தக்காரர்களுக்கும், அவர்கள் துணை ஒப்பந்தக்காரர்களுக்கும் பிரித்துக் கொடுப்பார்கள். 1943 நடுவில் திட்டம் முழுமையாக ஓடத் தொடங்கியது. பணக் கணக்கில் தொடங்கிய திட்டமிடல் எடைக் கணக்கில் வந்து நின்றது.

செம்பின் நெருக்கடியைச் சாதாரண மக்கள் சில்லறையிலேயே பார்த்தார்கள்: 1943-இல் அச்சான ஒரு சென்ட் நாணயம் துத்தநாகம் பூசிய எஃகு. ரப்பரின் கதை இன்னும் விசித்திரம். அமெரிக்காவுக்கு வந்த ரப்பரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்தது. தமிழ்த் தொழிலாளர்கள் பால் வெட்டிய மலாயாத் தோட்டங்களும் டச்சுத் தீவுகளும் 1942 தொடக்கத்தில் ஜப்பான் கைக்குப் போயின. நேச நாடுகளுக்கு மிஞ்சிய பெரிய இயற்கை ரப்பர் ஊற்று இலங்கை. அங்கே மரத்தின் ஆயுளைப் பார்க்காமல் வெட்டிப் பால் எடுத்தார்கள். ரப்பர் நிலையை ஆராய்ந்த பெர்னார்ட் பரூக் குழு 1942 செப்டம்பரில் கையிருப்பையும் தேவையையும் ஒப்பிட்டு, செயற்கை ரப்பர் ஆலைகளுக்கு முதலிடம் கேட்டது. கூடவே நாடெங்கும் பெட்ரோலுக்கு ரேஷன் கேட்டது. நாட்டின் பெரும்பகுதியில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடே இல்லை. காரை ஓட்டாமல் இருந்தால்தான் டயர் தேயாது என்பதே கணக்கு. டிசம்பர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

இப்படி எண்களை நம்பி நாடு நடந்த நேரத்தில், எண்களை எடுக்கும் முறைகளே ஆட்டம் கண்டன. ஃபெடரல் ரிசர்வின் தொழில் உற்பத்திக் குறியீட்டெண் 1935–39 சராசரியை 100 எனக் கொண்டது. 1939-இல் 109 ஆக இருந்தது 1943-இல் 239-க்கு ஏறியது. அமைதிக் காலத்தில் கார்களையும் காலணிகளையும் எண்ணிக் கட்டிய குறியீடு அது. போர்ச் சரக்கு புதியது, ரகசியமானது, மாதத்துக்கு மாதம் வடிவம் மாறுவது. எனவே விமான, கப்பல், ஆயுத ஆலைகளில் தொழிலாளர் உழைத்த மணிநேரத்தை எடுத்து, மணிக்கு இவ்வளவு விளைச்சல் என்ற அனுமானத்தால் பெருக்கினார்கள். ஆனால் லிபர்ட்டி வகைக் கப்பல் ஒன்றைக் கட்டத் தொடக்கத்தில் 200 நாளுக்கு மேல் ஆனது, 1943-இல் 40 நாள் சொச்சத்தில் முடிந்தது. உழைப்பு நேரமும் அதே போக்கில் சரிந்தது. அனுமானம் சற்றுப் பிசகினாலும் குறியீடு பிசகும் என்பதால் 1943-இல் அதைத் திருத்திக் கட்ட வேண்டியிருந்தது.

எண்ணிக்கையும் ஏமாற்றும். 1944-இல் 96,000-க்கு மேல் விமானங்கள் வந்தன; முந்தைய ஆண்டைவிட 12 சதவீதமே கூடுதல். ஆனால் பயிற்சி விமானங்கள் குறைந்து கனரகக் குண்டுவீச்சு விமானங்கள் கூடியதால், மொத்த எடை மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உயர்ந்திருந்தது. அதனால் வாரியம் விமானத்தை எடையில் அளந்தது. எஃகு ஆலைகள் திறனில் இத்தனை சதவீதம் ஓடுகின்றன என்ற வாரச் செய்தி, வியாபாரிகள் முதலில் தேடிப் படிக்கும் எண்ணாக இருந்தது. எல்லா ஆலையும் முழுத் திறனில் ஓடிய பிறகு அந்த எண்ணில் செய்தி எதுவும் இல்லை. கப்பலுக்கான தடித்த தகடு எவ்வளவு என்பதே கேள்வி. கார் உடலுக்கு மெல்லிய தகடு உருட்டிய ஆலைகளைத் தடித்த தகட்டுக்குத் திருப்பியதில், தகடு வழங்கல் 1942-இல் மாதம் 10 லட்சம் டன்னைத் தாண்டியது. இத்தனைக்கும் நடுவே, வணிகத் துறையின் இதழில் பல பத்திகள் வெறுமையாகின. வெளிநாட்டு வாணிப விவரங்களும் பல உலோகக் கணக்குகளும் எதிரிக்குப் பயன்படும் என்று நிறுத்திவைக்கப்பட்டன.

இன்னொரு பக்கம் ஆலைகள் படிவங்களில் மூழ்கின. ஒரே விவரத்தை மூன்று அலுவலகங்கள் மூன்று வடிவில் கேட்டன. நாடாளுமன்றம் 1942 டிசம்பரில் தனிச் சட்டமே போட்டு, எந்தக் கேள்விப் பட்டியலும் பட்ஜெட் அலுவலகத்தின் ஒப்புதல் பெற்ற பிறகே அனுப்பப்பட வேண்டும் என்றது.

கடுமையான சண்டை விலையைப் பற்றி வந்தது. சிறிய எஃகு நிறுவனங்களின் ‘லிட்டில் ஸ்டீல்’ கூலி வழக்கில் 1942 ஜூலையில் வகுத்த விதி, வாழ்க்கைச் செலவுக் குறியீட்டெண்ணின் ஏற்றத்தை ஒட்டிக் கூலி உயர்வை 15 சதவீதத்தோடு நிறுத்தியது. அன்று முதல் குறியீட்டெண் கூலிப் பேச்சின் கத்தியாகிவிட்டது. தொழிற்சங்கத் தலைவர்கள் ஜார்ஜ் மீனியும் ஆர். ஜே. தாமஸும் 1944 ஜனவரியில், மூன்று ஆண்டுகளில் செலவு 43.5 சதவீதம் ஏறியது என்றார்கள். தொழிலாளர் புள்ளியியல் அலுவலகத்தின் எண்ணோ 23 சதவீதத்தை ஒட்டி நின்றது. சங்கங்கள் காட்டிய இடைவெளி கடைத்தெருவில் இருந்தது. மலிவுச் சட்டை கடையிலிருந்து மறைந்து, விலை கூடியது மட்டும் கிடைத்தது. அதே விலைத் துணி இரண்டு வெளுப்பில் நைந்தது. தள்ளுபடி விற்பனை நின்றது. இறைச்சிக்குக் கள்ளச் சந்தை இருந்தது. விலைப்பட்டியலை மட்டும் எழுதும் அலுவலருக்கு இதில் எதுவும் தெரியாது. மறுபடியும் வெஸ்லி மிட்செல்லைக் கூப்பிட்டார்கள். அவர் குழு, அலுவலகக் கணக்கு மூன்று நான்கு புள்ளிகள்தான் குறைவு என்று தீர்ப்புச் சொன்னது. சங்கங்கள் கேட்டதற்கு அது வெகு தூரம். ஆனால் ‘வாழ்க்கைச் செலவு’ என்ற பெயர் பொருந்தாது என்ற முறையீடு நிலைத்தது. 1945-இல் பெயர் நுகர்வோர் விலைக் குறியீட்டெண் என்று மாறியது.

தேசிய மொத்தத்தின் கணக்கிலும் மாற்றம் வந்தது. நேதனுக்குப் பின் வணிகத் துறையின் வருமானப் பிரிவை ஏற்ற மில்டன் கில்பர்ட், 1942 மார்ச் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். போர்ச் செலவு சந்தை விலையில் இருக்கிறது. தேசிய வருமானத்திலோ தொழில்கள் கட்டும் வரியும் தேய்மானமும் சேராது. ஒன்றை மற்றதோடு ஒப்பிட்டால் மக்களுக்கு மிஞ்சுவது உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும் என்பது அவர் வாதம். அதற்கு மாற்றாக, அரசு வாங்குவதையும் உள்ளே சேர்த்த மொத்தத் தேசிய உற்பத்தியை அவர் முன்வைத்தார். 1939-இல் ஏறத்தாழ 9,000 கோடி டாலராக இருந்த அந்தத் தொகை, 1944-இல் 20,000 கோடியைத் தொட்டது. அதில் ஐந்தில் இரண்டு பங்கு போருக்கானது. குஸ்நெட்ஸுக்கு இதில் உடன்பாடில்லை. மக்களின் நுகர்வுக்கோ வருங்கால உற்பத்திக்கோ உதவாத டாங்கியை அமைதிக் கால ரொட்டியோடு அதே விலையில் கூட்டலாமா என்று கேட்டு, 1945-இல் போர்க்காலத் தேசிய உற்பத்தி பற்றித் தனி நூலே எழுதினார். போரை நடத்துவதற்கு கில்பர்ட்டின் கணக்கு வசதியானது. மக்களின் வளத்தை அளப்பதற்கு குஸ்நெட்ஸின் கேள்வியே சரியானது. அரசு அலுவலகங்கள் வசதியானதைத் தேர்ந்துகொண்டன.

அந்தத் தேர்வின் விளைவு சமாதானம் வந்ததும் தெரிந்தது. 1946 வசந்தத்தில் 80 லட்சம் பேர் வேலையின்றி இருப்பார்கள் என்று 1945 ஆகஸ்டில் அரசே முன்னறிவித்தது. மக்களோ போர்க்காலத்தில் வாங்கப் பொருளில்லாமல் வருமானத்தில் கால்பங்கைச் சேமித்து வைத்திருந்தார்கள். கார், குளிர்பதனப் பெட்டி என்று வாங்கக் கிளம்பினார்கள். 1946-இல் வேலையற்றோர் சராசரி 23 லட்சத்தை ஒட்டியே இருந்தது. அதே ஆண்டில் தொழில் குறியீட்டெண் 170-க்கு இறங்கியது. விலை மாற்றத்தை நீக்கிக் கணக்கிட்ட மொத்த உற்பத்தி, இன்றைய அதிகாரபூர்வக் கணக்கின்படி 11 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. ஆனால் தனியார் நுகர்வு ஏறியது. 1946 பிப்ரவரியில் நிறைவேறிய வேலைவாய்ப்புச் சட்டம் அதிபருக்குப் பொருளாதார ஆலோசனைக் குழு ஒன்றைத் தந்தது. ‘சர்வே’ இதழ் 1947 ஜூலையில், திருத்திய தேசியக் கணக்குகளைத் தனி இணைப்பாக வெளியிட்டது. டாங்கிகளும் போர்க்கப்பல்களும் அதில் மொத்தத்தின் பகுதியாகவே இருந்தன.