கடதாசியும் பவுணும்

ஐரோப்பாவில் இன்று மிஞ்சியிருக்கிற கடதாசி ஆவணங்களில் மிகப் பழையது எங்கே இருக்கிறது என்று கேட்டால், எங்களில் அநேகமானோர் ரோம் என்றோ பாரிஸ் என்றோ இலண்டன் என்றோதான் சொல்லுவோம். அது இருப்பது நாங்கள் குடியிருக்கிற இந்தப் பலேர்மோவில். லா காலா துறைமுகத்துக்குப் பக்கத்தில், கத்தேனா மாதா கோயிலோடு ஒட்டினாற்போல் ஒரு பழைய மடம் உண்டு. அதுதான் அரச சுவடிகள் காப்பகம். அந்த இடத்தால் எத்தனையோ தரம் நடந்து போயிருப்போம், உள்ளே என்ன இருக்கிறதென்று நினைத்தும் பார்த்திருக்க மாட்டோம்.

அந்தக் கடதாசி 1109-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் எழுதப்பட்டது. சிசிலியை ஆண்ட ரொஜர் பிரபு இறந்தபின் சின்னப்பிள்ளையாக இருந்த மகனுக்காக ஆட்சியைப் பார்த்தவ அவருடைய மனைவி அதெலாசியா. அவவின் கட்டளைக் கடிதம் அது. கிரேக்கத்திலும் அரபியிலுமாக இரண்டு மொழியில் எழுதியிருக்கிறது. விஷயம் இவ்வளவுதான்: கஸ்த்ரோஜொவான்னியில் (இப்போதைய என்னா) இருக்கிற அதிகாரிகள் சான் பிலிப்போ மடத்துத் துறவிகளைத் தொந்தரவு செய்யக்கூடாது, அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்கவேண்டும். இதை அறிந்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறு ஏதோவும் வந்தது. ‘இவையளை ஒன்றும் செய்யாதையுங்கோ, இருக்க விடுங்கோ’ என்று மேலிடம் எழுதிக் கொடுத்த துண்டு. எங்கடை சொஜோர்னோவும் வேறென்ன?

கடதாசியைச் சிசிலிக்குக் கொண்டுவந்தவர்கள் அரபுக்காரர். அப்போது அது புதுச்சாமான். ஆட்டுத்தோலைவிட மலிவு, ஆனால் ஈரத்துக்கும் பூச்சிக்கும் தாங்காது. அதனால் அதெலாசியாவின் பூட்டனான இரண்டாம் பிரெதெரிக்கோ மன்னன் 1231-இல் சட்டம் போட்டு, நொத்தாரிசுமார் பத்திரங்களைக் கடதாசியில் எழுதக்கூடாது, தோலில்தான் எழுதவேண்டும் என்று கட்டளையிட்டான். பலேர்மோ கத்தெத்ராலேயில் செங்கருங்கல் கல்லறைக்குள் படுத்திருக்கிற அதே மன்னன்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போகிறவர்கள் காட்டிக் கொடுக்கலாம்.

எங்கடை ஊரில் கடதாசிக்கு முந்தி ஓலை. ஓலையும் அப்படித்தான். செல்லும் பூச்சியும் விடாது. அதனால் ஒரு தலைமுறை எழுதினதை அடுத்த தலைமுறை பார்த்துப் பிரதி எடுக்கும். ஏடுகள் நூற்றாண்டுகள் தாண்டி வந்தது பெட்டியின் பலத்தால் அல்ல, திரும்பத் திரும்ப எழுதினதால்தான். ஒன்றே ஒன்று மட்டும் இருந்த இடத்தில் என்ன நடக்கும் என்பதை 1981-இல் மே 31-ஆம் திகதி இரவு யாழ்ப்பாணம் கண்டது. பொதுநூலகத்தில் எரிந்த சுமார் 97,000 நூல்களில் அச்சுப் புத்தகங்களைத் திரும்ப வாங்க முடிந்தது. வேறெங்கும் பிரதி இல்லாத ஓலைச்சுவடிகள் போனது போனதுதான்.

காணி விஷயத்தில் மட்டும் பிரதி எடுக்கிற வேலையை அரசாங்கங்கள் தங்கள் கையில் எடுத்தன. வேறு எதற்கும் இல்லை, வரி எடுக்கத்தான். போர்த்துக்கேயர் தொடங்கிய தோம்பை 1658-இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் விரிவாக்கினார்கள். காணித் தோம்பு, தலைத் தோம்பு என்று இரண்டு. ஆருக்கு எந்தக் காணி, எவ்வளவு பரப்பு, எந்த வீட்டில் எத்தனை பேர் என்று எழுதிவைத்தார்கள். தோம்பு என்பது போர்த்துக்கேயச் சொல். லிஸ்பனில் இருக்கிற அவர்களுடைய தேசிய சுவடிகள் காப்பகத்தின் பெயரே ‘தோறே தோ தோம்போ’. நாங்கள் இன்றைக்கும் காணி வாங்க முதல் ‘தோம்பு பார்த்தாச்சோ?’ என்று கேட்கிறோம். அவன் போய் 360 வருஷத்துக்கு மேலாகிவிட்டது, சொல் மட்டும் போகவில்லை.

1707-இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் எங்கள் வழக்கங்களைத் தேசவழமை என்று தொகுத்தார். தமிழில் மொழிபெயர்த்துப் பன்னிரண்டு முதலிமார் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் அது ஏற்றுக்கொள்ளப்பட்டது. முதுசம், சீதனம், தேடியதேட்டம், ஒற்றி, ஈடு எல்லாம் அதற்குள் உண்டு. ஆங்கிலேயர் 1806-இல் அதைச் சட்டமாக்கினார்கள். பிறகு 1840-ஆம் ஆண்டின் 7-ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அதன்படி நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் எழுதாத காணி விற்பனை செல்லாது.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாகப் பாருங்கள். ஒரு உறுதி முடிக்கும்போது ஒன்றல்ல, மூன்று இருக்கின்றன. மூல உறுதி எங்கள் கைக்கு வரும். இரண்டாவது பிரதியை நொத்தாரிசு மாதாமாதம் காணிப் பதிவகத்துக்கு அனுப்பவேண்டும். மூன்றாவது அவருடைய சொந்தக் கட்டில் இருக்கும். எங்கடை அம்மா அப்பாமார் றங்குப்பெட்டிக்குள், சீலைகளுக்கு அடியில், வேப்பம் இலை போட்டு வைத்திருந்தது அந்த மூன்றில் ஒன்றுதான். அது எரிந்தவுடன் ‘காணி போச்சு’ என்று அழுத சனங்கள் எத்தனை. போனது காணி அல்ல, ஒரு பிரதி. ஆனால் அதை அந்த நேரம் சொல்லித்தர ஆரும் இருக்கவில்லை.

1995 ஒக்ரோபர் 30-ஆம் திகதி இரவு வலிகாமம் முழுக்க எழும்பி நடந்தபோது எனக்கு ஏழு வயது. மழை. நாவற்குழிப் பாலத்தில் அடி எடுத்து வைக்க இடமில்லை. அம்மா உறுதிகளையும் எங்கள் பிறப்புச் சாட்சிப்பத்திரங்களையும் லக்ஸ்பிறே பைக்குள் போட்டு, வாயை மெழுகுதிரியில் உருக்கி ஒட்டி, என்ரை பள்ளிக்கூடப் பைக்குள் வைத்தா. ‘பையை இறக்கி வையாதை’ என்பதுதான் எனக்குச் சொன்ன ஒரே கதை. அம்மம்மா தன்ரை காப்புகளையும் சங்கிலியையும் உள்பாவாடை விளிம்புக்குள் வைத்துத் தைத்திருந்தா. பக்கத்து வீட்டுக்காரர் நகையைப் போத்தலில் போட்டுக் கிணற்றடி வாழைக்குக் கீழே தாட்டுவிட்டு வந்தவர்கள். ஆறு மாதம் கழித்துத் திரும்பிப் போனால் வாழையும் இல்லை, கிணற்றுக் கட்டும் இல்லை, எந்த இடம் என்று அளக்க ஒரு அடையாளமும் இல்லை. முற்றம் முழுக்கக் கிண்டினார்கள். கிடைக்கவில்லை. எங்கடை கடதாசிகள் ஈரம்படாமல் வந்து சேர்ந்தன. அந்தப் பிறப்புச் சாட்சிப்பத்திரத்தோடுதான் 2007-இல் ஏ.எல். எழுதினேன், அதோடுதான் இங்கேயும் வந்தேன். இப்போது கரீனிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பெட்டி கட்டுகிற வேலை. எந்தக் கந்தோரில் எது கேட்டாலும் அந்தப் பத்திரத்தின் மொழிபெயர்ப்பைத்தான் நீட்டுகிறேன்.

இனிப் பவுண் கதைக்கு வருவோம். நகையை வீட்டில் வைத்தால் பயம், தாட்டால் பயம், ஆரிடமாவது கொடுத்தாலும் பயம். அடைவு வைத்தால் காசும் கிடைக்கும், நகைக்கும் காவல் இருக்கும் என்பது எங்கடை சனத்தின் பழைய கணக்கு. இந்தக் கணக்கு பலேர்மோச் சனத்துக்கும் இருந்தது. ஏழைகள் வட்டிக்காரரிடம் அகப்படாமல் இருக்க இத்தாலியில் பிரான்சிஸ்கன் துறவிகள் ‘மொந்தே தி பியெத்தா’ என்ற அடைவு நிலையங்களை 15-ஆம் நூற்றாண்டில் தொடக்கினார்கள். பலேர்மோவில் அது 1541-இல் வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் ஒரு பகுதி பிராஞ்சிஃபோர்த்தே பிரபுக்களின் மாளிகைக்குள் போனது. எங்கடை மலைமாதா சாந்தா ரொசாலியாவின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். அங்கே வந்தது பொன் அல்ல. ஏழைச் சனம் கொண்டுவந்தது படுக்கைத் துணி, மேசைத் துணி, செம்புப் பாத்திரம். அந்தத் துணிகள் பெண்பிள்ளைகளின் சீதனம். தாய்மார் வருஷக்கணக்காக ஊசியால் பூவேலை செய்து சேர்த்தவை. குளிர்காலத்தில் வைத்து, கோடையில் மீட்டு, பிறகும் வைப்பார்கள்.

1848 ஜனவரி 12-இல் பலேர்மோ மக்கள் நேப்பிள்ஸ் மன்னனுக்கு எதிராக எழும்பினார்கள். அரசபடை நகரத்துக்குக் குண்டு அடித்தது. அந்த ஜனவரியிலேயே இந்த மாளிகையில் குண்டு விழுந்து அடைவுச் சாமான்கள் தீப்பிடித்தன. கட்டடத்தைத் திருத்தி, கூரை மட்டும் எழும்பும் மரத்தட்டுகள் அடித்து, அடைவு வேலையைத் திரும்பவும் நடத்தினார்கள். இப்போது அது அருங்காட்சியகம். 2012-இல் திருத்தித் திறந்தார்கள். தெயாத்ரோ மாசிமோவுக்குக் கிட்ட, பாறா அல்லொலிவெல்லாத் தெருவில். அந்த மரத்தட்டுகளும் ஏணிகளும் அப்படியே நிற்கின்றன, வெறுமையாக. போய்ப் பாருங்கள். எங்களுக்கு விளக்கம் சொல்ல ஆரும் தேவையில்லை.

1994-இல் தொடங்கிய தமிழீழ வைப்பகத்திலும் சனம் இப்படித்தான் நகை அடைவு வைத்தது. 2009-இல் நகையும் துண்டும் வெவ்வேறு திசையில் போயின. போரில் எடுத்த தங்கத்தை இராணுவம் பொலிசாரிடம் ஒப்படைத்தது 2025 மே மாதத்தில், பதினாறு வருஷம் கழித்து. ஆயிரக்கணக்கான நகைகள். ஒரு காப்பைப் பார்த்து இது ஆற்றை என்று எப்படிச் சொல்லுவது? அடைவுத் துண்டோ, கலியாணப் படமோ, நகைக்கடை ரசீதோ வைத்திருக்கிறவன் மட்டும்தான் வாய் திறக்கலாம்.

இங்கே அடைவு வைக்கிறவர்கள் ஒரு விஷயம் தெரிந்திருக்கவேண்டும். எங்கடை ஊர் வங்கியில் மீட்கப் போனால் அடையாள அட்டை கேட்பான். இத்தாலியின் 1938-ஆம் ஆண்டுச் சட்டப்படி அடைவுத் துண்டு ‘கொண்டுவருபவருக்கு’ உரியது. துண்டை ஆர் கொண்டு போகிறாரோ அவருக்கே நகை. ஆகவே துண்டைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு பஸ்ஸில் திரியாதையுங்கோ. மூலைக்கு மூலை இருக்கிற ‘கொம்ப்ரோ ஓரோ’ கடைகளுக்கும் 2017-இல் சட்டம் வந்தது. விற்கிறவரின் விபரமும் நகையின் படமும் எடுத்து வைக்கவேண்டும், வாங்கின நகையைப் பத்து நாளுக்கு உருக்கக்கூடாது, 500 யூரோவோ அதற்கு மேலோ என்றால் கையில் காசாகக் கொடுக்கக்கூடாது. களவு போன நகையைத் தேட அந்தப் பத்து நாள்தான் இருக்கிறது. தெனுன்சியா கொடுக்கும்போது நகையின் படம் ஒன்றை நீட்டினால் வேலை நடக்கும். ‘ஏழு பவுண் சங்கிலி’ என்று வாயால் சொன்னால் இத்தாலிக்காரனுக்குப் பவுணும் விளங்காது, சங்கிலியும் விளங்காது.

கடதாசியின் பெறுமதியை எங்களுக்கு முதல் வந்த அண்ணமார் 1990-இல் கண்டார்கள். அந்த வருஷம் பெப்ரவரி 28-இல் வந்த மார்த்தெல்லி சட்டம் வரைக்கும் இத்தாலி ஐரோப்பியரை மட்டுமே அகதி என்று ஏற்றது, எங்களுக்கு அந்தக் கதவே இருக்கவில்லை. அதே சட்டம் 1989 டிசம்பர் 31-க்கு முதல் இந்த நாட்டுக்குள் நின்றவர்களுக்கு இருப்பனுமதி கொடுத்தது. ஒரு திகதிதான் கோடு. அதற்குப் பிறகு 1995, 1998, 2002 என்று வந்த ஒவ்வொரு சட்டத்திலும் இப்படியொரு கோடு இருந்தது. ஆகவே காசு அனுப்பின ரசீது, ஆஸ்பத்திரித் துண்டு, கடித உறை எதையும் எறியாமல் பிஸ்கட் தகரத்துக்குள் சேர்த்த பழக்கம் அந்தத் தலைமுறைக்கு உண்டு. இப்போதும் சில வீடுகளில் அந்தத் தகரங்கள் அலுமாரிக்கு மேலே இருக்கின்றன. பிள்ளைகள் ‘குப்பை’ என்கிறார்கள். தயவுசெய்து விடாதையுங்கோ. அகதியாக ஏற்கப்பட்டவர்கள் தூதரகத்துக்குப் போகமுடியாது. அப்படிப்பட்டவர்களுக்கு வேண்டிய சான்றுகளை அவர்கள் வாழும் நாடே கொடுக்கவேண்டும் என்று 1951-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின் 25-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனாலும் அதைக் கேட்டு எடுக்கக் கையில் ஒரு பழைய பிரதியாவது இருந்தால் பாதி வேலை முடிந்தமாதிரி.

ஊர்க்காணி பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. 1871-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒருவர் இன்னொருவரின் காணியைத் தன் சொந்தமென்று பத்து வருஷம் தடையில்லாமல் ஆண்டால் உரிமை கேட்கலாம். நாங்கள் ஓடினது பத்து வருஷத்துக்கு இல்லை. 2016-இல் 5-ஆம் இலக்கச் சட்டம் வந்து, 1983 மே 1 தொடக்கம் 2009 மே 18 வரையான காலத்தைப் போரால் காணியைவிட்டுப் போனவர்களுக்கு எதிராகக் கணக்கெடுக்கக்கூடாது என்றது. ஆனால் இரண்டு வருஷத்துக்குள் வழக்குப் போடவேண்டும் என்றிருந்தது. இங்கே வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் தெரியாமல் வேலை செய்த எத்தனை பேருக்கு அது காதில் விழுந்தது? பிறகு 2025 மார்ச் 28-ஆம் திகதி வர்த்தமானி. வடக்கில் 5,940 ஏக்கர் காணிக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை காட்டாவிட்டால் அரசகாணி என்று அறிவிக்கலாம் என்றார்கள். எதிர்ப்பு வந்து அதைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அந்த மூன்று மாதமும் பலேர்மோவில் எத்தனை வீட்டில் பழைய சூட்கேஸ் திறபட்டது, ஊருக்கு எத்தனை தொலைபேசி போனது என்று உங்களுக்கே தெரியும்.

உறுதி கையில் இல்லாதவர்கள் மனம் விடவேண்டாம். மேலே சொன்ன மூன்றில் இரண்டாவது பிரதி காணிப் பதிவகத்துக்குப் போயிருக்கும். உறுதியின் இலக்கம், முடித்த திகதி, நொத்தாரிசின் பெயர், இந்த மூன்றும் தெரிந்தால் ஊரில் நம்பிக்கையான ஒருவரைக்கொண்டு தோம்பு எடுப்பிக்கலாம், அத்தாட்சிப்படுத்திய பிரதிக்கும் விண்ணப்பிக்கலாம். இலக்கம் தெரியாவிட்டால் அக்கம்பக்கக் காணிக்காரரின் உறுதியைப் பாருங்கள். எல்லை சொல்லும் இடத்தில் ‘கிழக்கு இன்னாரின் காணி’ என்று உங்கள் அப்பாவின் அல்லது அப்பப்பாவின் பெயர் இருக்கும். வயசுபோன அம்மா அப்பா இன்னும் உயிரோடு இருக்கிற வீடுகளில் இந்தப் புத்தாண்டு லீவில் பக்கத்தில் இருந்து கேளுங்கள்: காணியின் பெயர் என்ன, எத்தனை பரப்பு, ஆர் நொத்தாரிசு, ஆர் சாட்சி வைத்தது? எழுதி, திகதி போட்டு, ஒன்றை இங்கே வையுங்கள். ஒன்றைக் கனடாவிலோ சுவிசிலோ இருக்கிற சகோதரத்துக்கு அனுப்புங்கள்.