நயி மிரிஸின் ஐந்நூறு வருடக் கதை



"போர்த்துக்கேயர் நம் நாட்டுக்கு எதைக் கொண்டு வந்தார்கள்?" என்று போன வாரம் வகுப்பில் கேட்டேன். பீரங்கி, கோட்டை, பாண் என்று பதில்கள் வந்தன. "கொச்சிக்காயை விட்டுட்டீங்களே" என்றேன். ஒரு மாணவன் எழும்பி, "சேர், அது எங்கட வாப்பும்மா நட்டது" என்றான். முழு வகுப்பும் சிரித்தது. அவன் சொன்னதும் சரிதான். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1492இல் கொலம்பஸ் அங்கே போகும்வரை ஆசியாவில் யாருடைய கறியிலும் அது இல்லை. 1498இல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைக்கு வந்தார். 1503இல் போர்த்துக்கேயர் கொச்சியில் கோட்டை கட்டினார்கள். 1505இல் இலங்கைக்கு வந்தார்கள். அவர்களுடைய கப்பல் வழியில்தான் மிளகாயும் நம் பக்கம் வந்து சேர்ந்தது.

இந்தக் கதை நம் வாயிலேயே இருக்கிறது. மிளகு போல உறைத்த காய், ஆகவே மிளகாய். சிங்களத்தில் மிளகுக்கு இருந்த 'மிரிஸ்' என்ற பெயரைப் புதிதாக வந்த காய் பிடித்துக்கொண்டது. பழைய மிளகு 'கம்மிரிஸ்', அதாவது ஊர் மிரிஸ் ஆனது. நாம் சொல்லும் 'கொச்சிக்காய்' கொச்சித் துறைமுகத்தின் பெயரால் வந்தது என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். மலையாளத்தில் ஒரு பெயர் இன்னும் நேரடி: கப்பல் முளகு.

அப்படியானால் அதற்கு முன் கண்டி இராச்சியத்தில் காரத்துக்கு என்ன? மிளகுதான். கண்டி மன்னர்களின் 'மடிகே' பிரிவில் வேலை செய்த நம் முன்னோர் தவளம் மாடுகளில் கரையோரத்து உப்பையும் கருவாட்டையும் மலைக்கு ஏற்றினார்கள். இறங்கும்போது பாக்கும் மிளகும் கொண்டுபோனார்கள்.

இனி மடுல்கெல்லயில் வேலியோரம் நிற்கும் நயி மிரிஸுக்கு வருவோம். சிங்களத்தில் 'நயி' என்றால் நாகம். நம் பிள்ளைகள் சிலர் அதை 'நாய் கொச்சிக்காய்' என்று எழுதுகிறார்கள். நான் திட்டுவதில்லை. இந்த இனத்துக்கு 1776இல் பெயர் வைத்த தாவரவியலாளர் ஜாக்குவின், அது சீனாவில் இருந்து வந்தது என்று நினைத்து 'சினென்ஸ்' என்று வைத்துவிட்டார். உண்மையில் அதன் தாய்வீடு அமேசன் பக்கம். பெரிய படிப்பாளிக்கே பிழைத்தது. 2007இல் உலகின் மிகக் காரமான மிளகாய் என்று கின்னஸில் ஏறிய அஸ்ஸாமின் பூத் ஜோலோக்கியாவும் இதன் நெருங்கிய சொந்தம்தான். அதன் அளவு பத்து லட்சம் ஸ்கோவில்லைத் தாண்டியது.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். 1970களின் முற்பகுதியில் அரசாங்கம் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. யாழ்ப்பாணம், கிளிநொச்சி விவசாயிகள் மிளகாய் நட்டு நிமிர்ந்தார்கள். 1977இல் சந்தை திறந்ததும் அந்த நிமிர்வு சரிந்தது. இன்று நாம் அரைக்கும் செத்தல் மிளகாயில் பெரும்பங்கு இந்தியாவில் இருந்து வருகிறது. 2022 நெருக்கடியில், வீட்டுத் தோட்டம் செய்யுங்கள் என்று அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்தார்கள். பலர் மண்ணைக் கொத்தினோம். கையில் விதை இருக்கவில்லை.

கடையில் வாங்கும் கலப்பின மிளகாயின் விதையை எடுத்து நட்டால் அடுத்த முறை அதே காய் வராது. நயி மிரிஸ் அப்படியல்ல. அது இன்னும் வீட்டு விதை. வாப்பும்மாமார் சாம்பலில் பிரட்டிக் காயவைத்து, கடதாசியில் சுற்றி, மகளுக்கும் மருமகளுக்கும் கொடுத்து வந்தது. கப்பல் கொண்டு வந்ததை நம் ஊர்க் காயாக்கியது அந்தக் கைகள்தான். அந்த மாணவன் சரியாகத்தான் சொன்னான்.

நடுவது லேசு. செடியிலேயே நன்றாகப் பழுத்த காயை எடுங்கள். கைக்கு உறை போடுங்கள், கண்ணைத் தொடாதீர்கள். விதையை நிழலில் ஒரு வாரம் காயவிடுங்கள். நடுவதற்கு முதல் நாள் இரவு தண்ணீரில் ஊறவையுங்கள். ஓட்டை போட்ட சிரட்டையில் மண்ணும் மக்கிய எருவும் நிரப்பி, கால் அங்குல ஆழத்தில் போடுங்கள். நம் ஊர்க் குளிரில் முளைக்க இரண்டு மூன்று கிழமை எடுக்கும். அடுப்படிப் பக்கம் வைத்தால் கெதியில் வரும். தண்ணீர் கூடினால் நாற்று அடியில் அழுகிவிடும். நாலைந்து இலை வந்ததும் வெயில் படும் இடத்துக்கு மாற்றுங்கள். விதைக்கு வைக்கும் செடியை மற்ற மிளகாய்ச் செடிகளுக்குத் தூரமாக நடுங்கள், இல்லாவிட்டால் இனம் கலந்துவிடும்.

எங்கள் வீட்டுச் செடி இந்த முறை நன்றாகக் காய்த்திருக்கிறது. ஊரில் உள்ளவர்கள் வந்து விதை வாங்கிப் போகலாம். காசு வேண்டாம். அடுத்த வருடம் இன்னொரு வீட்டுக்குக் கொடுத்தால் போதும்.