ஐன்ஸ்டீன் சொன்னது பிரபஞ்சம் முழுக்க சரியா? சிறுசேரி முதல் அரிசோனா வரை நடக்கும் சோதனை!

நிறை உள்ள பொருள் காலவெளியை வளைக்கும், அந்த வளைவுதான் ஈர்ப்பு விசை. 1915-ல் ஐன்ஸ்டீன் சொன்ன பொதுச் சார்பியல் இதுதான். மொபைலில் இருக்கும் ஜிபிஎஸ் கூட இந்தக் கணக்கைச் சேர்த்துத்தான் வழி காட்டுகிறது.

அப்புறம் ஏன் மறுபடியும் சோதனை?

பிரபஞ்சம் வேகமெடுத்து விரிகிறது என்று 1998-ல் தெரியவந்தது. இதற்கு இரண்டு விளக்கங்கள்தான் பெரிதாகப் பேசப்படுகின்றன. ஒன்று, 'இருண்ட ஆற்றல்' என்று ஏதோ ஒன்று இருக்க வேண்டும். இல்லைன்னா, மிகப் பெரிய தூரங்களில் ஐன்ஸ்டீனின் விதியே மாற வேண்டும்.

கேலக்ஸிகளை வைத்து எப்படி சோதிப்பது?

தூரத்துக் கேலக்ஸியின் ஒளி நம்மிடம் வர பல கோடி ஆண்டுகள் ஆகும். அதாவது, தூரமாகப் பார்ப்பது பழைய காலத்தைப் பார்ப்பது மாதிரி. ஈர்ப்பு விசையால் கேலக்ஸிகள் எவ்வளவு வேகமாகக் கூட்டம் சேர்ந்தன என்பதை ஒவ்வொரு காலகட்டத்திலும் அளந்தால், விதி மாறியதா என்று தெரிந்துவிடும்.

அமெரிக்காவின் அரிசோனாவில், 5,000 ரோபோ இழைகளுடன் இயங்கும் 'டெசி' கருவி இதைத்தான் செய்தது. சுமார் 60 லட்சம் கேலக்ஸிகள், குவேசார்களை ஆராய்ந்து 2024 நவம்பரில் முடிவு வந்தது: ஐன்ஸ்டீன் பாஸ்!

சிறுசேரிக்கு என்ன தொடர்பு?

செங்கல்பட்டு மாவட்டத்தில், மாமல்லபுரம் செல்லும் ஓ.எம்.ஆர் சாலையை ஒட்டிய சிறுசேரி சிப்காட்டில் இருக்கிறது சென்னை கணிதவியல் கழகம். இங்கே பேராசிரியராக இருக்கும் கே.ஜி.அருண், பாலா ஐயர், சத்யபிரகாஷ் உள்ளிட்டோருடன் 2006-ல் ஒரு வழி சொன்னார். இரண்டு கருந்துளைகள் சுற்றி மோதும்போது வரும் ஈர்ப்பு அலையின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாக அளக்க வேண்டும். எல்லாமே ஒரே ஜோடி நிறையைக் காட்டினால் ஐன்ஸ்டீன் சரி. ஒன்று உதைத்தாலும் சிக்கல்.

2015 செப்டம்பர் 14-ல் லைகோ முதல் ஈர்ப்பு அலையைப் பிடித்தது. அந்தக் கண்டுபிடிப்புக் குழுவில் சிறுசேரி விஞ்ஞானிகளும் இருந்தனர். இந்த அலைகளிலும் இதுவரை உறுதியான விலகல் இல்லை.

2017 ஆகஸ்ட் 17-ல் இன்னொரு பெரிய சோதனை. இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதியதில் கிளம்பிய ஈர்ப்பு அலையும் காமா கதிரும் சுமார் 13 கோடி ஒளி ஆண்டுகள் பயணித்து, 2 விநாடிக்குள் அடுத்தடுத்து வந்தன. ஈர்ப்பு அலை வேறு வேகத்தில் போகும் என்ற பல மாற்றுக் கோட்பாடுகள் அன்றே அடிபட்டன.

அப்போ பிரச்சினை முடிந்ததா?

இல்லை. விதி சரின்னா, பிரபஞ்சத்தில் சுமார் 70 சதவீதம் இருண்ட ஆற்றலாக இருக்க வேண்டும். அது என்னன்னு யாருக்கும் தெரியாது. ஐன்ஸ்டீன் பாஸாகப் பாஸாக, அந்தக் கேள்விதான் பெரிதாகிறது.