ஏட்டில் இருந்த பள்ளிக்கூடம்

ஜோகூர் இருப்புப்பாதை 1909-இல் முடிவுற்ற பின்னர், பாலோ போன்ற ரயிலடி ஊர்களைச் சுற்றி ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. தமிழ் மக்கள் லயங்களிற் குடியேறினர். இவர்தம் பிள்ளைகளின் நன்மைக்கென எழுந்த ஒரு விதியின் கதையை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

ஐக்கிய மலாய் நாடுகளின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் உள்ள தோட்டத்தில் முதலாளி பள்ளி வைத்தல் வேண்டும் என்றது. ஜோகூரும் அவ்வழியே நின்றது. நோக்கம் நல்லதே. ஆயினும் பள்ளி உண்டா என்று கேட்ட விதி, படிப்பு உண்டா என்று கேட்கவில்லை. கேட்டதற்கு விடை கூற ஒரு கொட்டகையும் ஓர் ஏடும் போதுமல்லவா? லயத்து அறை பள்ளியாயிற்று. கிராணியோ கங்காணியோ உபாத்தியாயர் ஆனார். 1938-இல் மலாயாவில் 500-க்கு மேற்பட்ட தோட்டப் பள்ளிகள் கணக்கில் இருந்தன. அவற்றுள் பயிற்சி பெற்ற ஆசிரியரைக் கண்டவை சிலவே.

கங்காணியை உபாத்தியாயராக்கிய விந்தையைச் சற்றே நோக்குமின். அவர் கூட்டத்தில் வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்கும் அவருக்குத் தலைக்காசு உண்டு. பெரட்டில் ஒரு தலை குறைந்தால் வருமானம் குறையும். பள்ளியில் ஒன்பது தலை குறைந்தாலும் அவருக்கு நட்டமில்லை. இத்தகையவரிடம் பிள்ளையின் காலைப்பொழுதை ஒப்படைத்துவிட்டு, பின்னர் அவர் நேர்மையைக் குறைகூறுவது என்ன நியாயம்?

கூலிக்காரன் பொய் சொல்லுவான் என்பது துரைமார் வாய்ப்பாடு. பசித்த தாய் தன் மகனுக்கு வயது கூட்டிச் சொல்லியிருக்கலாம். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஏடு அவள் கையில் இல்லையே!

இஃது தமிழர்க்கே உரிய குறையென எண்ணற்க. இங்கிலாந்தில் 1862-இல் ராபர்ட் லோ என்பார், பிள்ளைகளின் வருகையையும் பரீட்சைத் தேர்ச்சியையும் எண்ணியே பள்ளிகளுக்குப் பொருளுதவி என்று விதித்தார். பொதுப் பணம் வீணாகாமற் காப்பதே அவர் கருத்து. விளைவு யாது? நோயுற்ற குழந்தைகளும் பரீட்சை நாளில் பள்ளிக்குத் தூக்கி வரப்பட்டனர், வருகையேடுகள் திருத்தப்பட்டன, எழுத்தறியாப் பிள்ளைகள் பாடநூலை உருப்போட்டு ஒப்பித்தனர். 1890-களில் அம்முறை கைவிடப்பட்டது. அங்கேயாவது பரீட்சிக்க வெளியிலிருந்து ஒருவர் வந்தார்.

கிராணியே உபாத்தியாயராயிருந்த தோட்டங்களில், பள்ளி வருகையேடும் வேலைக்கணக்குச் செக்ரோலும் ஒரே கையால் எழுதப்பட்டன. பொழுது புலருமுன் பால்மரத்தடியில் நின்ற சிறுவனின் பெயரை எதில் ஏற்றுவதென்பது அக்கையின் விருப்பமாயிருந்தது.